தொழுவத்திற்குத் தளம் இடுமுன் குழாய் பதித்தல்

மண் தரையில் நேரும் பிழையை மண்வெட்டியால் சில நிமிஷங்களில் திருத்திவிடலாம். காங்கிரீட் தளத்தின் கீழ் நேர்ந்த பிழையோ, உளியும் சம்மட்டியும் கொண்டு தளத்தை உடைத்தாலன்றித் திருந்தாது. இவ்வுண்மை யாவரும் அறிந்ததே யாயினும், மாட்டுத் தொழுவத்திற்குச் சிமெண்டுத் தளம் இடும் குடியானவர்களில் பலர், ஜல்லியும் மணலும் வந்து இறங்கிக் கொத்தனாரும் ஆட்களும் வேலை தொடங்கிய பிறகே கழிவுநீர்க் குழாயைப்பற்றி நினைக்கிறார்கள். அவசரத்தில் பதித்த குழாய் சில மாதங்களில் அடைத்துக்கொள்கிறது. அல்லது தளத்தின் கீழேயே கசிந்து, ஒருவர் கண்ணிலும் படாமல் கிணற்றை நோக்கிச் செல்கிறது. தளம் இடுவதற்கு முன் ஒரு நாள் செலவிட்டால் இவ்விரு கேடுகளையும் தவிர்க்கலாம்.

கோமூத்திரத்தின் மதிப்பு

மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் ஏறக்குறையப் பாதி மூத்திரத்தில் இருக்கிறது. சாணத்தைக் கூடையில் வாரிக் குப்பைக்குழியில் சேர்க்கும் குடியானவர், அதற்கு ஈடான மற்றொரு பகுதியைத் தரையில் வடியவிடுகிறார். பசு ஒன்று நாளொன்றுக்கு 10 லிட்டர் மூத்திரம் விடுவதாகவும், அதில் தழைச்சத்து 100-க்கு 1 பங்கு இருப்பதாகவும் கொண்டால், ஆண்டொன்றுக்குச் சுமார் 36 கிலோ தழைச்சத்து ஆகும். ஐந்து பசுக்களுக்கு 180 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டைகளாகக் கணக்கிட்டால் இது 8 மூட்டைக்கு மேற்பட்டதாகும். காற்றில் ஆவியாகப் பாதி போயினும், எஞ்சியது 4 மூட்டைக்குக் குறையாது.

மண் தரையுள்ள தொழுவத்தில் இச்சத்தின் ஒரு பகுதியை மண் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பயிர் ஆராய்ச்சி நடத்திய ஆல்பர்ட் ஹோவார்டு, மூத்திரம் ஊறிய தொழுவ மண்ணை வெட்டியெடுத்துக் கம்போஸ்டு உரத்தில் சேர்க்கும் முறையைக் கையாண்டார். சிமெண்டுத் தளத்தில் அவ்வாறு ஊறுவதற்கு வழியில்லை. ஆகையால், தளம் இட்டவுடன் மூத்திரம் குழாய் வழியே தொட்டிக்குச் செல்லவேண்டும். இல்லையேல் தெருவில் ஓடவேண்டும். தளத்திற்குச் செலவிட முன்வந்தவர் குழாய்க்கும் செலவிட்டே ஆகவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அன்றியும், கசிந்து நிலத்தில் இறங்கும் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறிக் கிணற்று நீரில் கலக்கிறது. குடிநீரில் நைட்ரேட்டு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேற்பட்ட நீரில் கரைத்த பாலுணவு கைக்குழந்தைகளுக்கு அபாயம் விளைவிக்கக்கூடும். அவர்களுடைய இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து, உடல் நீலம் பாரிக்கும். இந்த நீரை நிறத்தினாலோ சுவையினாலோ கண்டுகொள்ள முடியாது. கொதிக்கவைத்தாலும் நைட்ரேட்டு நீங்காது.

குழாய் செல்லும் வழி

தளத்தின் கீழ் ஓடும் குழாய் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நன்று. மாடுகள் நிற்கும் வரிசையின் பின்புறம் ஓர் அடி அகலமும் 2 அல்லது 3 அங்குல ஆழமும் உள்ள திறந்த வாய்க்கால் அமைத்து, மூத்திரத்தையும் கழுவுநீரையும் அதன் வழியே தொழுவத்தின் ஒரு கோடிக்குக் கொண்டுவர வேண்டும். அக்கோடியிலிருந்தே குழாய் தொடங்குதல் வேண்டும். திறந்த வாய்க்காலை விளக்குமாற்றால் கூட்டிவிடலாம். மூடிய குழாயை அவ்வாறு கூட்ட இயலாது.

வாய்க்கால் முடியும் இடத்தில் இரும்புச் சல்லடை பொருத்திய சிறு வண்டல் குழி ஒன்று அவசியம். சாணமும் வைக்கோலும் அங்கே தங்கிவிட, நீர் மட்டும் குழாயில் இறங்கும். குழாய் நேராகச் செல்வது உத்தமம். திரும்ப வேண்டியிருப்பின், செங்குத்தான ஒரே வளைவுக்குப் பதிலாகப் பாதிக்கோண வளைவுகள் இரண்டை அமைக்கவேண்டும். வேறு குழாய் வந்து சேருமிடத்தில் ‘டி’ இணைப்பைத் தவிர்த்து, நீரோட்டத்தின் திசையில் சாய்ந்த ‘ஒய்’ இணைப்பை இடவேண்டும். சுவரைக் கடந்தவுடன் வெளியே ஒரு சேம்பர் கட்டினால், அடைப்பு நேரும்போது தளத்தைத் தொடாமல் அங்கிருந்தே கோல் விட்டுச் சுத்தம் செய்யலாம்.

மூத்திரக் குழாயோடு வீட்டுக் குளியல் நீரையும் கூரை மழைநீரையும் சேர்த்துவிடுதல் தவறு. சோப்பு நீர் சாண எரிவாயுக் கலத்திலுள்ள நுண்ணுயிர்களுக்குக் கேடு செய்யும். மழைநீர் தொட்டியை நிரப்பிச் சத்தைக் கரைத்து வெளியேற்றிவிடும்.

சரிவின் கணக்கு

குழாய்க்கு 10 அடிக்கு 2 அங்குலம் முதல் 3 அங்குலம் வரை சரிவு கொடுத்தல் வேண்டும். இதற்குக் குறைந்தால் நீர் மெதுவாக ஓடி வண்டல் படியும். அளவுக்கு மிஞ்சிய சரிவோ, கடைசியிலுள்ள தொட்டியை வீணே ஆழமாகத் தோண்டும்படி செய்யும்.

உதாரணமாக, தொழுவத்தின் கோடியிலிருந்து தொட்டிவரை குழாயின் நீளம் 40 அடி என்று கொள்க. தொடக்கத்தில் குழாயின் உள்ளடி தளமட்டத்திற்கு 15 அங்குலம் கீழே இருக்கட்டும். 10 அடிக்கு 3 அங்குலம் வீதம் 40 அடிக்கு 12 அங்குலம் இறங்கவேண்டும். ஆகவே, தொட்டியில் குழாயின் வாய் தளமட்டத்திற்கு 27 அங்குலம் கீழே அமையும். தொட்டியை முன்னரே கட்டி, அதன் வாயை 20 அங்குலத்தில் வைத்துவிட்டவர், சரிவைக் குறைக்க நேரிடும். அல்லது தொட்டியை இடிக்க நேரிடும். இக்கணக்கை வேலை தொடங்குமுன் காகிதத்தில் போட்டுக்கொள்ளுதல் வேண்டும். பள்ளம் வெட்டும்போது கண் மதிப்பை நம்பாமல், நூல் கயிறும் ரசமட்டமும் வைத்து, 10 அடிக்கு ஒரு முளை அடித்துச் சரிபார்க்கவேண்டும்.

மாடு நிற்கும் தரைக்கும் வாய்க்காலை நோக்கி இதே வீதத்தில் சாய்வு வேண்டும். 5½ அடி நீளமுள்ள நிற்குமிடத்திற்கு 1 முதல் 1½ அங்குலம் போதுமானது.

பள்ளமும் மணற்படுகையும்

பெரும்பான்மையான குழாய்கள் உடைவது குழாயின் குற்றத்தால் அன்று. அடியிலுள்ள மண்ணின் குற்றத்தாலேயே. புதிதாகக் கொட்டிய மண்ணின்மேல் குழாயை வைத்துத் தளம் இட்டால், மண் அமரும்போது குழாய் தொய்ந்து, சரிவு கெட்டு, இணைப்பு விலகும். ஆகையால் முதலில் கிராவல் மண்ணை 6 அங்குலப் படைகளாக நிரப்பி, ஒவ்வொரு படைக்கும் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்கவேண்டும். முழுவதும் இறுகிய பிறகே அதில் குழாய்க்கான பள்ளத்தை வெட்டவேண்டும்.

பள்ளத்தின் அடியில் 4 அங்குலம் மணல் பரப்பி, அதன்மேல் குழாய் நெடுக ஒரே சீராகப் படியும்படி வைக்கவேண்டும். கல் முனையோ செங்கல் துண்டோ குழாயைத் தொடலாகாது. கரிசல் நிலம் மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் தன்மையுடையதாதலால், அங்கே மணற்படுகையை இன்னும் கனமாக இட்டு, சுவருக்கு வெளியே நெகிழ்ந்து கொடுக்கும் ரப்பர் வளைய இணைப்பை அமைத்தல் நலம்.

அஸ்திவாரச் சுவரைக் கடக்கும் இடத்தில் குழாயைச் சிமெண்டு வைத்து இறுகக் கட்டிவிடுதல் பெரும் தவறு. சுவர் சிறிதளவு அமர்ந்தாலும் குழாய் முறியும். பெரிய குழாய்த் துண்டு ஒன்றைச் சுவரில் வைத்துக் கட்டி, அதனுள்ளே கழிவுநீர்க் குழாயை நுழைத்து, சுற்றிலும் ஓர் அங்குலம் இடைவெளி விட்டு, மிருதுவான பொருளால் அடைக்கவேண்டும்.

குழாயும் இணைப்பும்

முற்காலத்தில் மெருகிட்ட பீங்கான் குழாய்களும் வார்ப்பிரும்புக் குழாய்களும் வழங்கின. இரும்பை மூத்திரம் அரிக்கும். இப்போது பி.வி.சி. குழாயே எங்கும் கிடைக்கிறது. அதிலும் வகை பார்த்து வாங்குதல் அவசியம். பூமிக்கடியில் செல்லும் கழிவுநீருக்கு ஐ.எஸ். 15328 என்னும் தர எண் பொறித்த குழாயும், குடிநீருக்கு ஐ.எஸ். 4985 பொறித்த குழாயும் உரியவை. மலிவாகக் கிடைக்கும் மெல்லிய மின்கம்பிக் குழாயைத் தளத்தின் கீழ் இடுதல் கூடவே கூடாது. தொழுவத்திற்கு 110 மில்லிமீட்டர் குழாய் ஏற்றது. நீர் செல்லும் திசையில் குழாயின் அளவு பெருகலாமேயன்றிச் சிறுகலாகாது.

குழாயை நேராக அறுத்து, முனையின் பிசிறை நீக்கி, இரு பக்கமும் ஈரமும் தூசியும் இல்லாமல் துடைத்த பிறகே பசை தடவவேண்டும். மாடுகளின் தண்ணீர்த் தொட்டிக்குச் செல்லும் குடிநீர்க் குழாயைக் கழிவுக் குழாயோடு ஒரே பள்ளத்தில் இடாமல் தனி வழியில் கொண்டுசெல்லவேண்டும். குறுக்கிட நேர்ந்தால் அது கழிவுக் குழாய்க்கு ஓர் அடி மேலாகச் செல்லவேண்டும். தளத்தின் கீழ் அதில் இணைப்பு எதுவும் இருக்கலாகாது.

தண்ணீர்ச் சோதனை

எல்லாவற்றினும் முக்கியமானதும், எல்லாரும் விட்டுவிடுவதும் இச்சோதனையே. பசை ஒட்டிய மறுநாள், இணைப்புகளை மண்ணால் மூடாமல் வைத்துக்கொண்டு, குழாயின் கீழ்வாயை இறுக அடைக்கவேண்டும். மேல்வாயில் 5 அடி உயரமுள்ள குழாய்த் துண்டு ஒன்றை நிறுத்தி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றவேண்டும். உள்ளிருக்கும் காற்றுக் குமிழிகள் வெளியேறியபின், தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் குறித்துக்கொண்டு அரைமணி நேரம் கவனிக்கவேண்டும். மட்டம் இறங்கினால் ஏதோ ஓர் இணைப்பு கசிகிறது என்று அறிக. ஈரம் கண்ட இணைப்பை அறுத்தெடுத்துப் புதிதாக இட்டு, மீண்டும் சோதிக்கவேண்டும்.

பின்பு தண்ணீரை வடித்துவிட்டு, குழாயின் உள்வாயைவிட அரை அங்குலம் சிறிய பந்து ஒன்றை மேல்வாயில் விட்டுச் சிறிது நீர் ஊற்றினால், அது தடையின்றிக் கீழ்வாயில் வந்து விழவேண்டும். வழியில் நின்றால், அங்கே தொய்வோ உள்ளே பிதுங்கிய பசையோ உண்டு. 40 அடிக் குழாயைச் சோதிக்க வேண்டிய தண்ணீர் ஏறக்குறைய 120 லிட்டர். எட்டுக் குடத் தண்ணீருக்கு அஞ்சித் தளத்தையே பணயம் வைப்பது விவேகமாகாது.

தளம் இடும் நாள்

சோதனை முடிந்ததும் குழாயின் இருபுறமும் மணலைக் கையால் திணித்து, மேலே 4 அங்குலம் மணல் மூடவேண்டும். குழாயின்மேல் நேராகத் திமிசு போடலாகாது. வாய்களை அடைத்து, மறுபடியும் தண்ணீர் நிரப்பி, நிறுத்திய குழாய்த் துண்டை எடுக்காமலே தளம் இடவேண்டும். காங்கிரீட்டுக்குமேல் உயர்ந்து நிற்கும் அத்துண்டே காவற்காரனைப்போல் உதவும். மண்வெட்டியோ தள்ளுவண்டியோ பட்டுக் குழாய் உடைந்தால், அதிலுள்ள தண்ணீர் அப்பொழுதே இறங்கிவிடும். காங்கிரீட் ஈரமாக இருக்கும்போதே திருத்திக்கொள்ளலாம். நீர் நிறைந்த குழாய் கனமாக இருப்பதால் அது மேலெழும்பும் போக்கும் குறையும்.

அடித்தளம் 1:4:8 கலவையில் 4 அங்குலமும், மேல்தளம் 1:2:4 கலவையில் 2 அங்குலமும் இடுவது வழக்கம். மாடு வழுக்காதபடி மேற்பரப்பில் கோடுகள் இழுத்து, 7 நாட்களுக்குக் குறையாமல் ஈரம் காக்கவேண்டும். தளம் மூடப்படுமுன், ஒவ்வொரு குழாயும் இரண்டு சுவர்களிலிருந்து எத்தனை அடி தூரத்தில், எவ்வளவு ஆழத்தில் செல்கிறது என்பதை ஒரு படமாக வரைந்து, நிலப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுதல் உசிதம். புகைப்படம் எடுத்துவைப்பின் மேலும் நன்று.

பின்னரும் நாள்தோறும் தளத்தைக் கழுவும்போது குழாயில் நிறைய நீர் ஓடவிடுதல் அவசியம். மூத்திரத்திலுள்ள உப்புகள் உட்புறம் படிந்து, காலப்போக்கில் வழியைச் சுருக்கும்.

வீடுகளும் பொதுக் கட்டடங்களும்

மேற்கூறிய முறை, குடியிருக்கும் வீட்டின் குளியலறைக்கும் கழிப்பிடத்திற்கும் பொருந்தும். அங்கே ஒவ்வொரு வாயிலும் 2 அங்குலம் நீர் தங்கி நிற்கும் வளைகுழாய் வேண்டும். இன்றேல் துர்நாற்றம் வீட்டினுள் ஏறும். கழிவுநீர் உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 60 அடிக்குக் குறையாத தூரத்தில் இருத்தல் வேண்டும். மூத்திரத் தொட்டிக்கும் இத்தூரத்தை விடுவது நலம்.

கிராமத்தில் பால் கூட்டுறவுச் சங்கத்திற்கோ அங்கன்வாடிக்கோ பொதுப்பணத்தில் கட்டடம் எழும்பும்போது, கிராம உத்தியோகஸ்தர்களும் ஊராட்சிப் பொறுப்பாளர்களும் ஒன்றைக் கவனித்தல் தகும். தரைத்தளம் இடுவதற்கு முந்திய நாள் தண்ணீர்ச் சோதனை தங்கள் முன்னிலையில் நடைபெறவேண்டும் என்றும், அதன் முடிவு அளவுப் புத்தகத்தில் எழுதப்படவேண்டும் என்றும் வற்புறுத்தலாம். மேலே தெரியும் சுவரையும் வர்ணத்தையும் எவரும் எப்போதும் தணிக்கை செய்யலாம். பூமிக்கடியில் உள்ள வேலையைத் தணிக்கை செய்யக் கிடைப்பது அந்த ஒரு நாள் மட்டுமே.