போல்ட் கழலாத இடத்தில்தான் கதையே!

"நாலு அரியர்ஸை வச்சிக்கிட்டு தொரைக்குக் கதை புஸ்தகம் கேக்குதா?"

விடுதியில் என் அறை நண்பன் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். (நாலு இல்லை, இரண்டு. அதையும் இந்த இடத்தில் பதிவு செய்து விடுகிறேன்!) ஆனாலும் நண்பர்களே, இந்த ஆண்டு மலரில் எழுத இடம் கொடுத்ததும், நான் எழுத நினைத்தது அந்தக் கதைப் புத்தகங்களைப் பற்றித்தான்.

நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். முதலாம் ஆண்டில் ஒரு நாள் வகுப்பில் ஆங்கிலப் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். நாலு வரி வாசித்தேன். பின் பெஞ்சில் சிரிப்பு. அன்றோடு பாடப் புத்தகம் தவிர எந்த ஆங்கிலப் புத்தகத்தையும் தொடுவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன். நம்மில் பலருக்கும் இப்படி ஒரு நாள் இருக்கும், சொல்வதில்லை. அவ்வளவுதான்.

அந்த முடிவை உடைத்தது, நூலகத்தில் கிடைத்த அட்டை இல்லாத ஒரு பழைய புத்தகம். ஆர்தர் சி. கிளார்க் 1979-ல் எழுதிய 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்'. முதல் பக்கம் முடிக்க அரை மணி நேரம், டிக்‌ஷனரியோடு மல்லுக்கட்டு. ஆனால் கயிறு, எடை, இழுவிசை என்று கதை திரும்பியதும் ஒரு அதிசயம் நடந்தது. எனக்குப் புரிய ஆரம்பித்தது! ஆங்கிலம் தெரிந்ததால் அல்ல, விஷயம் தெரிந்ததால்.

கதை இதுதான். வானவர் மார்கன் என்று ஒரு என்ஜினியர். பூமியிலிருந்து விண்வெளிக்கு ராக்கெட் இல்லாமல், லிஃப்ட் வைத்துப் போக வேண்டும் என்கிறான். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு பொருள், பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். அங்கிருந்து கீழே ஒரு கயிற்றை இறக்கினால்? அதில் ஏறிப் போய்விடலாமே?

இங்கேதான் நம்ம ஆட்கள் கால்குலேட்டரை எடுக்க வேண்டும். மைல்டு ஸ்டீல் ராடை டெஸ்டிங் மெஷினில் மாட்டி இழுத்திருக்கிறோம், கழுத்து ஒடுங்கி 'டப்'பென்று அறும். சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 400 நியூட்டன் தாங்கும். அதே ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியை ஒரு கிலோமீட்டர் நீளம் தொங்கவிட்டால் எடை 7.85 கிலோ, அதாவது 77 நியூட்டன். வகுத்துப் பாருங்கள். ஐந்து கிலோமீட்டரைத் தாண்டியதும், எதையும் கட்டித் தொங்கவிடாமலே, தன் எடைக்கே அறுந்து விழும்! 36,000 எங்கே, 5 எங்கே? மேலே போகப் போக ஈர்ப்பு குறையும் என்பதைச் சேர்த்தாலும் இரும்பு கிட்டவே வராது.

அதனால் கிளார்க் கண்ணுக்கே தெரியாத ஒரு கரி இழையைக் கற்பனை செய்தார். பிறகு 1991-ல் ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ இஜிமாவின் கட்டுரையால் கார்பன் நானோ குழாய் உலகின் கவனத்துக்கு வந்தது. 2013-ல் சீன ஆராய்ச்சியாளர்கள் அதை அரை மீட்டருக்குச் சற்று அதிகமாக வளர்த்ததே பெரிய செய்தி. பாக்கி தூரத்தைக் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு சுவாரஸ்யம். கிளார்க் 1956 முதல் இலங்கையிலேயே வாழ்ந்தவர். நாவலில் வரும் தப்ரபேன் தீவு இலங்கைதான். சிகிரியாவும் சிவனொளிபாதமலையும் வேறு பெயரில் வருகின்றன. லிஃப்டுக்குப் பூமத்திய ரேகை வேண்டுமே, அதற்காக ஆசாமி தீவையே தெற்கே நகர்த்தி வைத்துவிட்டார்! மலை உச்சியில் ஒரு பௌத்த மடாலயம். மார்கனுக்கு வேண்டிய இடமும் அதே உச்சி. துறவிகள் நகர மாட்டோம் என்கிறார்கள். யார் பக்கம் நியாயம் என்பதை ஆசிரியர் சட்டென்று சொல்லிவிடவில்லை.

கடைசியில் கட்டி முடியாத கோபுரத்தில் சிலர் மாட்டிக்கொள்ள, மார்கனே ஒரு சின்ன வண்டியில் ஏறிக் காப்பாற்றப் போகிறான். தீர்ந்துபோன பேட்டரியைக் கழற்றிவிட்டால்தான் எடை குறைந்து வண்டி மேலே போகும். ஒரே ஒரு போல்ட் கழல மறுக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் துரு ஏறிய போல்ட்டோடு போராடியவனுக்கு அந்தப் பக்கங்களில் வியர்க்கும். எனக்கு வியர்த்தது. மீதியை நீங்களே படியுங்கள்.

இந்தக் கிளார்க், செயற்கைக்கோள் வழியே உலகம் முழுக்கத் தகவல் அனுப்பலாம் என்று 1945-ல் கட்டுரை எழுதியபோது வயசு 27. விமானப்படையில் ரேடார் வேலை. டிகிரி கிடையாது! அதை அப்புறம்தான் வாங்கினார்.

எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு ஐசக் அசிமோவின் 'ஐ, ரோபாட்' (1950). இது நாவல் இல்லை, கதைத் தொகுப்பு. அதில் 'ரன்அரவுண்ட்' என்ற ஒரு கதை போதும். புதன் கிரகத்தில் செலீனியம் எடுத்து வரச் சொல்லி ஒரு ரோபோவை அனுப்புகிறார்கள். போனது போனதுதான். தேடிப் போனால், அது செலீனியம் குட்டையைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது, குடித்தவன் மாதிரி பாட்டு வேறு! காரணம் என்ன? கிட்டே போனால் ஆபத்து, உன்னைக் காப்பாற்றிக்கொள் என்கிறது ஒரு விதி. விலகினால், சொன்ன வேலையைச் செய் என்கிறது இன்னொரு விதி. இரண்டும் சமமாகிற தூரத்தில் ரோபோ வட்டம் போடுகிறது. ஸ்பேனர் பிடிக்கிற இரண்டு ஆட்கள் அதை எப்படி மீட்கிறார்கள் என்பது கதை. ரோபோ கெட்டதல்ல. சொன்னதை அப்படியே செய்கிறது, அதுதான் கோளாறு. புரோகிராம் எழுதித் திருதிருவென்று விழித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஆங்கிலமே வேண்டாம்பா என்பவர்கள் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'விலிருந்து தொடங்கலாம். கதை நடக்கிற 2021 நமக்கே பழைய வருஷம் ஆகிவிட்டது. யார் எத்தனை நாள் வாழலாம், யார் பிள்ளை பெறலாம் என்று அரசாங்கம் தீர்மானிக்கிற நாடு. அங்கே நிலா என்ற பெண்ணும், புத்தகம் படித்துப் பேசுகிற ஜீனோ என்ற இயந்திர நாயும். சுஜாதா பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்கு கொண்ட என்ஜினியர். அதனால்தான் மெஷின் பேசினால் மெஷின் மாதிரியே பேசுகிறது. தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ' முதல் பாகம் அளவுக்கு இல்லை என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். 2008-ல் பிப்ரவரி கடைசியில் சுஜாதா, மூன்றே வாரத்தில் கிளார்க், இருவரும் போய்விட்டார்கள்.

மாயாஜாலக் கதை பிடிக்கும் என்றால் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆயிரம் பக்கத்துக்கு மேல். செமஸ்டர் லீவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது உர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ'. மெலிசான புத்தகம். ஆடு மேய்த்த கருத்த பையன் கெட், மந்திரம் படிக்கப் பெரிய பள்ளிக்குப் போகிறான். அங்கே வசதியான வீட்டுப் பையன் ஒருவன் இவனைப் பார்வையாலேயே மட்டம் தட்டுகிறான். ரோஷம் தாங்காமல், தன்னால் கட்டுப்படுத்த முடியாத மந்திரத்தைக் கெட் போட்டுக் காட்ட, ஒரு நிழல் வெளியே வந்துவிடுகிறது. அது அவனையே துரத்துகிறது. போல்ட்டும் இல்லை, கரண்ட்டும் இல்லை. ஆனாலும் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பின் பெஞ்சு சிரிப்புக்குப் பயந்து இரண்டு வருஷம் ஓடியவன் அல்லவா நான்!

அறை நண்பனைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேனே, அவன் இப்போது அசிமோவில் பாதியில் இருக்கிறான். டிக்‌ஷனரி என்னுடையது. அவன் முடித்ததும் யாருக்கு வேண்டுமோ, விடுதியில் வந்து கேளுங்கள். ஒரே கண்டிஷன், பக்கத்தை மடிக்கக் கூடாது.