எந்த மூன்று வருஷம்?

கலாசாலைக் கூடைப்பந்துக் கோஷ்டியின் பயிற்சியாசிரியரை எப்படி மதிப்பிடுவது? முந்திய பருவங்களில் இத்தனை ஜயம், இப்பொழுது இத்தனை என்று இரண்டு தொகைகளை எழுதிக் கழித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அமெரிக்காவில் சர்வசாதாரணம். இம்முறை எவ்வளவு அநியாயத்துக்கு இடங்கொடுக்கும் என்பதற்கு, டியூக் சர்வகலாசாலையின் பழைய விவகாரத்தைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

வட கரோலினாவிலுள்ள அச்சர்வகலாசாலை 1980-ல் மைக் ஷெஷெவ்ஸ்கி என்பவரை நியமித்தது. அதற்கு முன் அவர் பயிற்றுவித்த ராணுவக் கலாசாலைக் கோஷ்டி, அவருடைய கடைசிப் பருவத்தில் 9 ஆட்டங்களில் வென்று 17-ல் தோற்றிருந்தது. அப்படிப்பட்டவரை ஏன் அழைத்தார்கள் என்று ஊரார் கேட்டதில் வியப்பில்லை. டியூக்கில் முதல் பருவத்தில் 17 ஜயம், 13 தோல்வி. இரண்டாவதில் 10 ஜயம், 17 தோல்வி. மூன்றாவதில் 11 ஜயம், 17 தோல்வி. 1983 மார்ச்சில் விர்ஜீனியாவிடம் 109-க்கு 66 என்று தோற்றதோடு அப்பருவம் முடிந்தது. போதாக்குறைக்கு, அண்டைக் கலாசாலைகளில் ஒன்று 1982-லும் மற்றொன்று 1983-லும் தேசிய பட்டத்தைத் தட்டிக்கொண்டு போயின. பிந்தியதன் ஆசிரியர் ஜிம் வால்வானோவும் 1980-ல் பதவியேற்றவரே! வாதிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பழைய மாணவர்களும் நன்கொடை கொடுப்பவர்களும் ஷெஷெவ்ஸ்கியை விலக்கியே தீரவேண்டுமென்று கூச்சலிட்டார்கள்.

முந்திய ஆசிரியர் பில் பாஸ்டரின் கணக்கு அவர்களுக்குக் கைகொடுத்தது. பாஸ்டரின் கடைசி மூன்று பருவங்களில் டியூக் 73 ஆட்டங்களில் வென்று 24-ல்தான் தோற்றது. 1978-ல் தேசிய இறுதியாட்டம் வரை சென்றது. ஷெஷெவ்ஸ்கியின் மூன்று பருவங்களிலோ 38 ஜயம், 47 தோல்வி. பார்த்த மாத்திரத்தில் வழக்கு முடிந்துவிட்டதாகவே தோன்றும்.

குறுக்கு விசாரணையில் நாம் கேட்பது ஒன்றுதான். கடைசி மூன்றை ஏன் எடுத்தீர்கள்? பாஸ்டரும் ஒரு காலத்தில் புதியவர்தானே? 1974-ல் அவர் வந்தபின் முதல் மூன்று பருவங்களில் கிடைத்தவை 40 ஜயம், 40 தோல்வி. புதியவரின் நாற்றங்காலைப் பழையவரின் களத்துமேட்டோடு ஒப்பிட்டுவிட்டு, விளைச்சல் குறைந்துபோயிற்று என்றார்கள்! நாற்பதுக்கு முப்பத்தெட்டு குறைவுதான். தோல்வியும் ஏழு அதிகந்தான். மறுக்கவில்லை. ஒருவர் பதவியைப் பறிப்பதற்கு அது போதுமா?

மேலும், ஆடுவோர் யார் என்பதைத் தொகை சொல்லாது. அந்நாளில் கலாசாலை ஆட்டக்காரர் நான்கு வருஷத்தில் படிப்பு முடிந்து போய்விடுவார். பாஸ்டர் சேர்த்த குமின்ஸ்கி 1980-லும், பாங்க்ஸ், டென்னார்ட் இருவரும் 1981-லும் வெளியேறினர். ஷெஷெவ்ஸ்கி தேடிப்பிடித்த டாகின்ஸ், அலாரி, பைலஸ், ஹெண்டர்ஸன் ஆகியோர் 1982-ல்தான் வந்து சேர்ந்தார்கள். விர்ஜீனியாவிடம் அடிபட்டது இந்த முதல் வருஷப் பிள்ளைகளை நம்பிய கோஷ்டி. அதே பிள்ளைகள் 1986-ல் 37 ஆட்டங்களில் வென்று மூன்றில் மட்டுமே தோற்றனர். மூன்றாவது தோல்வி, தேசிய இறுதியாட்டத்தில் லூயிவில்லிடம் 72-க்கு 69.

விளையாட்டுப் பகுதித் தலைவர் டாம் பட்டர்ஸ் கூச்சலுக்குச் செவிசாய்க்கவில்லை. 1984-ல் ஒப்பந்தத்தை நீட்டித்தே கொடுத்துவிட்டார். பிறகு நடந்தது பிரசித்தம்: 1991, 1992, 2001, 2010, 2015 ஆகிய ஐந்து வருஷங்களில் தேசிய பட்டம், 2022-ல் ஓய்வுபெறும்போது இரு கலாசாலைகளிலுமாக 1,202 ஜயம்.

இவர் பக்கம் பேசுகிறோம் என்பதற்காக எல்லாக் கணக்கையும் ஒப்புக்கொள்வதற்கில்லை. 1994-95 பருவத்தில், முதுகு நோயால் அவர் நடுவில் விலகிக்கொண்டார். அதுவரை நடந்த 12 ஆட்டங்களில் 9 ஜயமும் 3 தோல்வியும் அவர் பேரில் எழுதப்பட்டன. அவர் இல்லாதபோது வந்த 4 ஜயமும் 15 தோல்வியும் உதவியாசிரியர் பீட் காடெட்டின் தலையில் விழுந்தன. கோஷ்டியைத் திரட்டியவர் யார்? ஷெஷெவ்ஸ்கிதானே? நம்மிடம் கணக்கெழுதச் சொன்னால், அந்த நான்கையும் பதினைந்தையும் அவர் பற்றிலேயே எழுதுவோம்.