உஷார்! சுரைக்காய் ஜூஸ் கசந்தால் துப்பிவிடுங்கள்

விடிவதற்குள் பூங்கா வாசல்களில் ஜூஸ் வண்டிகள் வந்துவிடுகின்றன. அருகம்புல், வாழைத்தண்டு, நெல்லி, சுரைக்காய். சுகர், பிரஷர், தொப்பை மூன்றுக்கும் சுரைக்காய்தான் மருந்து என்று வாட்ஸ்அப்பில் யாரோ சொல்ல, வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் என்பது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. குடியுங்கள், தடுக்கவில்லை. ஆனால் நாக்கில் கசப்பு தட்டினால் அந்த ஒரு வாயைக்கூட விழுங்காதீர்கள்!

2010-ல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி இப்படித்தான் இறந்தார். அவர் குடித்தது சுரைக்காயும் பாகற்காயும் கலந்த சாறு. கூடவே குடித்த மனைவி சிகிச்சைக்குப் பின் பிழைத்தார். அதற்குப் பிறகுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்து, கசக்கும் சுரைக்காயைத் தொடவே வேண்டாம் என்று எச்சரித்தது.

வில்லன் பெயர் குக்கர்பிட்டாசின். பூச்சியும் விலங்கும் தின்றுவிடாமல் இருக்க, சுரை, வெள்ளரி, பூசணிக் குடும்பத்துச் செடிகள் தாமே தயாரித்துக்கொள்ளும் கசப்புப் பொருள். புற்றுநோய் செல்களுக்கு எதிராக இதை ஆய்வுக்கூடங்களில் சோதித்துப் பார்க்கிறார்கள். செல்லைக் கொல்லும் அந்தக் குணம் நம் இரைப்பையையும் குடலையும் மட்டும் விட்டுவைக்குமா? ‘இயற்கைதானே, சைடு எஃபெக்ட் கிடையாது’ என்பவர்களிடம் வாதாட எனக்குப் பொறுமை இல்லை.

நாம் சமைக்கும் சுரைக்காயில் இது மிகக் குறைவு. பேய்ச்சுரையின் மகரந்தம் கலந்த விதையில் முளைத்த கொடி, வெயிலிலும் வறட்சியிலும் வாடிய கொடி இவற்றின் காயில் கூடிவிடலாம். நிறம், பருமன், நகம் வைத்துப் பார்ப்பது எதிலும் கண்டுபிடிக்க முடியாது. மாடித்தோட்டக்காரர்களே, தானாக முளைத்த சுரைக்கொடியிடம் கூடுதல் கவனம் தேவை.

பொரியலாக இருந்தால் முதல் வாயிலேயே முகம் சுளித்து ஒதுக்கிவிடுவோம். ஜூஸில்தான் ஆபத்து. பாதிக் காய் ஒரே டம்ளரில் அடங்கிவிடும். இஞ்சி, எலுமிச்சை, புதினா, உப்பு எல்லாம் சேர்ந்து கசப்பை அமுக்கிவிடும். பாகற்காய் சேர்த்தால் கேட்கவே வேண்டாம், எது எதன் கசப்பென்று யாருக்குத் தெரியும்? பாகற்காய்க்குக் கசப்பு இயல்பு, அதற்குக் காரணமான சேர்மங்கள் வேறு. சுரைக்காய் கசக்கவே கூடாத காய்.

கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு போகாது. 2015-ல் ஜெர்மனியில், வீட்டில் விளைந்த கசப்பு சுக்கினியை (இதுவும் பூசணிக் குடும்பத்துக் காய்தான்) சமைத்துச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் உயிரிழந்தார்.

எனவே அரைப்பதற்கு முன் இரண்டு முனையிலும் நடுவிலும் சிறு துண்டு நறுக்கி நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பி, வாயைக் கொப்பளித்து, காயைக் குப்பையில் போடுங்கள். ‘காசு கொடுத்து வாங்கினது’ என்று மாட்டுக்கும் போட வேண்டாம். வண்டியில் குடிப்பவர்கள், முதலில் வெறும் சாற்றில் ஒரு சொட்டு ருசி பாருங்கள்.

குடித்துவிட்டீர்களா? சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ வயிற்றுவலி, வாந்தி, பேதி தொடங்கலாம். ரத்த வாந்தி வரலாம், பிரஷர் சட்டென்று இறங்கலாம். மோர், கஷாயம் என்று நேரத்தைக் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், என்ன குடித்தீர்கள் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. சலைன் ஏற்றி, பிரஷரைத் தூக்கி நிறுத்தித்தான் காப்பாற்றுகிறார்கள்.