எண்ணிக்கையில் உடையும் எஃகு

திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகிற ரயில் பயணிகளுக்கு வடமதுரை சட்டென்று கடந்துபோகிற ஊர். விரைவு ரயில்கள் பலவும் அங்கே நிற்பதில்லை. ஆனால் நிற்காத ரயிலின் பாரத்தையும் அவ்வூர்த் தண்டவாளம் சுமந்துதான் அனுப்புகிறது. 22 பெட்டிகள், பெட்டிக்கு 4 அச்சு, இன்ஜினுக்கு 6 அச்சு என்றால் மொத்தம் 94. ஒவ்வோர் அச்சும் மேலேறும்போது தண்டவாளம் இம்மியளவு வளையும், இறங்கியதும் நிமிரும். இரட்டைப் பாதையில் ஒரு பக்கம் மட்டும் நாளொன்றுக்கு 20 ரயில்கள் போவதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 7 லட்சம் முறை இப்படி வளைந்து நிமிர வேண்டும். மூன்றே ஆண்டுகளில் கணக்கு 20 லட்சத்தைத் தாண்டிவிடும்.

இந்த 20 லட்சம் சாதாரண எண் அல்ல. இத்தனை முறை சுமை ஏறி இறங்கினாலும் தாங்க வேண்டிய அளவு எவ்வளவு என்பதை வைத்துத்தான் எஃகுப் பாலங்களின் இணைப்புகளைப் பல நாடுகளில் தரம் பிரிக்கிறார்கள்.

கட்டுக்கம்பியை ஒரே இழுப்பில் அறுப்பது கடினம். அதையே இப்படியும் அப்படியும் பத்து முறை மடக்கினால் கையோடு வந்துவிடும். தண்டவாளத்துக்கும் பாலத்துக்கும் நேர்வது இதன் மிக மெதுவான வடிவம். உலோகச் சோர்வு என்று இதற்குப் பெயர்.

இதற்கு மனிதர்கள் கொடுத்த விலை பெரிது. 1842 மே 8 அன்று வெர்சாய் கொண்டாட்டத்தைப் பார்த்துவிட்டுப் பாரிஸ் திரும்பிய ரயிலின் இன்ஜின் அச்சு முறிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தினமும் ஓடிக்கொண்டிருந்த அச்சு ஒருநாள் ஏன் முறிய வேண்டும்? ஜெர்மன் ரயில்வே பொறியாளர் அகஸ்ட் வோலர் 1850களிலிருந்து 1870 வரை இதைச் சோதித்தார். அச்சுகளைப் பாரத்தோடு சுழலவிட்டு, எத்தனையாவது சுற்றில் உடைகின்றன என்று பொறுமையாக எண்ணினார். ஒரே தடவையில் உடைக்கத் தேவையான விசையைவிட மிகக் குறைந்த விசையே, திரும்பத் திரும்ப வந்தால், உடைத்துவிடும் என்பது தெரிந்தது. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விசை இருந்தால் எத்தனை சுற்று சுற்றினாலும் எஃகு உடையவில்லை என்பதும் தெரிந்தது.

இந்த எல்லை இல்லாவிட்டால் ரயில் ஓட்டவே முடியாது. 915 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெட்டிச் சக்கரம் சென்னையிலிருந்து மதுரை வருவதற்குள் சுமார் 1.7 லட்சம் முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அச்சின் மேற்பரப்பு ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அமுங்குகிறது. பன்னிரண்டு நடையில் 20 லட்சம் முடிந்துவிடும்! எனவே அச்சில் வரும் விசையை அந்த எல்லைக்குக் கீழேயே நிறுத்தி வடிவமைக்கிறார்கள்.

ஆனால் ஆய்வகத்தில் பளபளவென்று தேய்த்த மாதிரித் துண்டு காட்டும் எல்லை வேறு, வெயிலிலும் மழையிலும் கிடக்கும் இரும்பு காட்டும் எல்லை வேறு. துரு அரித்த சிறு பள்ளம் போதும், அங்கே விசை குவியும். உப்புக்காற்று வீசும் பாம்பனில் 1914இல் திறந்த பாலத்துக்கு இந்தக் கவலை கடைசிவரை இருந்தது. 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்தது.

வெல்டிங் இதைவிடக் கவனிக்க வேண்டிய விஷயம். சதுர மில்லிமீட்டருக்கு 25 கிலோ தாங்கும் எஃகை விட்டு 35 கிலோ தாங்கும் எஃகை வாங்கினால் பாலம் அதிக காலம் உழைக்கும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில், வெல்டிங் செய்த இடத்தின் சோர்வு ஆயுள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வெல்டிங் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்குறைகள் முன்பே இருக்கின்றன. விரிசல் பிறப்பதற்கு ஆகும் காலம் அங்கே இல்லாமல் போய்விடுகிறது. சுமையின் ஏற்ற இறக்கம் இரட்டிப்பானால் அந்த இடத்தின் ஆயுள் பாதியாகாது, சுமார் எட்டில் ஒன்றாகச் சுருங்கும். கூடுதல் பாரம் ஏற்றுவதைப் பற்றி முடிவெடுப்பவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய கணக்கு இது.

தண்டவாள எஃகு சதுர மில்லிமீட்டருக்கு 90 கிலோ இழுவை தாங்கக்கூடியது. அதுவும் உடைகிறது. சக்கரம் தொடும் இடம் ஒரு சதுர சென்டிமீட்டர் சொச்சம்தான். அதன்மேல் இன்ஜின் சக்கரமொன்றின் பத்து டன் இறங்குகிறது. தலைப்பகுதியில் கிளம்பும் மயிரிழை விரிசல் முதலில் மேலோட்டமாக ஊர்ந்து, பிறகு கீழ்நோக்கித் திரும்பும். உடைந்த முகத்தைப் பார்த்தால் கதை புரியும்: பல மாதம் வளர்ந்த பகுதி வழவழப்பாகவும், கடைசி நொடியில் முறிந்த பகுதி சொரசொரப்பாகவும் இருக்கும். இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் 2000 அக்டோபரில் இப்படி விரிசல் கண்டிருந்த தண்டவாளம் முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியது, நால்வர் இறந்தார்கள். 1998 நவம்பரில் பஞ்சாபின் கன்னா அருகே தண்டவாளம் உடைந்து தடம்புரண்ட ரயில்மீது இன்னொரு ரயில் மோதியதில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

இதனால்தான் தண்டவாளத்தின் வயதை ஆண்டில் சொல்வதில்லை, அதன்மேல் ஓடிய டன்னில் சொல்கிறார்கள். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்துக்கு நம் ரயில்வே நீண்டகாலம் வைத்திருந்த அளவு 80 கோடி டன். மீயொலிக் கருவியைத் தள்ளிக்கொண்டு போய் உள்விரிசலைத் தேடும் சோதனையை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை செய்வது என்பதையும் ஓடிய டன்தான் தீர்மானிக்கிறது. கருவி வராத நாட்களில் கீமேன் இருக்கிறார். சுத்தியலும் ஸ்பேனருமாகத் தினமும் தன் எல்லைக்குள் நடந்து, கழன்ற கிளிப்பை அடித்து இறுக்கி, ஜாயிண்டுகளைக் குனிந்து பார்ப்பவர். மார்கழி விடியலின் குளிரில் தண்டவாளம் சுருங்கி இழுபடும்போதுதான் விரிசல் வாய் திறக்கும் என்பது அவருக்குத் தெரியும். வெல்டிங்கில் விரிசல் கண்டால் இருபுறமும் ஃபிஷ் பிளேட் எனும் இணைப்புத் தகட்டை வைத்து கிளாம்ப் போட்டு, ரயில்களை மெதுவாக விட்டு, பிறகு அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய துண்டை இணைக்கிறார்கள்.