விரலியைக் காணாத கணினி

பள்ளிகளிலும் இல்லங்களிலும் நல்ல நிலையிலுள்ள கணினிகள் பல, பழையன என்று இன்று ஒதுக்கப்படுகின்றன. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றதே இதற்கு ஒரு காரணமாகும். விண்டோஸ் 11ஐ ஏற்க இயலாத கணினிக்கு லினக்ஸ் இயங்குதளத்தை விரலிவழி ஏற்றி மறுவாழ்வு அளிக்கலாம். ஆயினும், விரலியைச் செருகிய பின்னும் கணினி அதனை நாடாது பழைய வழியே செல்வதுண்டு. அதுகொண்டு கணினி கெட்டதென முடிவுகட்டுதல் பொருந்தாது.

கணினியை முடுக்கியதும் முதலில் விழிப்பது இயங்குதளம் அன்று. தாய்ப்பலகையில் உறையும் ஒரு சிறு நிரலே. இயங்குதளத்தை எங்குத் தேடுவதென முடிவு செய்வதும் அதுவே. பழைய கணினிகளில் அது பயாஸ் எனவும், புதியவற்றில் யூஇஎப்ஐ எனவும் வழங்கும். பயாஸ், விரலியின் முதல் 512 பைட்டுகளைப் படித்து, அங்குள்ள தொடக்க நிரலை இயக்கும். யூஇஎப்ஐயோ, பெரும்பாலும் ஃபேட் 32 முறையில் அமைந்த பகுதியில், குறித்த கோப்புறையில் குறித்த பெயருடைய கோப்பைத் தேடும். ஒன்றிற்கென ஆக்கிய விரலி மற்றொன்றிற்கு விளங்காமற் போவது இதனாலேயாம்.

இனி, தடைகளை முறையே நோக்குவோம்.

முதலாவது, விரலியை ஆக்கிய முறை. ஐஎஸ்ஓ கோப்பை விரலியில் நகலெடுத்து வைப்பது மட்டும் போதாது. ரூபஸ் போன்ற செயலியால் அதனை எழுதுதல் வேண்டும். நூலைப் பெட்டியில் பூட்டி வைப்பதற்கும் விரித்து வைப்பதற்கும் உள்ள வேற்றுமை இது. எழுதும்போது விரலியில் முன்பிருந்தவை அழிந்துபோகும். அவ்விரலி மற்றொரு கணினியில் எழுமாயின், குறை விரலியில் இல்லை எனத் தெளியலாம்.

இரண்டாவது, செருகும் துளை. பழைய கணினிகள் சில, இயங்குதளம் எழுமுன் யூஎஸ்பி 3 துளையை அறியா. வேறு துளையில், இடையில் இணைப்புக் கருவி எதுவுமின்றி, நேரே செருகிப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, தேடும் வரிசை. வன்தட்டு முன்னிற்குமாயின் விரலிக்கு முறை வாராது. தொடங்கும்போது எப் 12, எப் 9, எஸ்கேப் போன்ற விசையொன்றை அழுத்தினால் தேர்வுப் பட்டியல் தோன்றும். விசை நிறுவனந்தோறும் மாறும். ஒரே விரலி பட்டியலில் இருமுறை காணப்படின், அது ஆக்கப்பட்ட முறைக்கு ஏற்றதையே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

நான்காவது, செக்யூர் பூட் என்னும் காவல். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் பரவிய இம்முறை, ஏற்கப்பட்ட கையொப்பம் இல்லாத தொடக்க நிரலைத் தடுக்கும். இதனை நிறுத்துமுன் எச்சரிக்கை மிக வேண்டும். வன்தட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருப்பின், இம்மாற்றத்தால் கணினி 48 இலக்க மீட்புக் குறியைக் கேட்கக்கூடும். அக்குறியும் வேறு நகலும் இல்லாதார், பல்லாண்டு தொகுத்த பாடக் குறிப்புகளையும் மாணவர் பதிவுகளையும் இழக்க நேரிடும். ஆதலின் நகலெடுத்தலும் குறியை எழுதி வைத்தலுமே முதற்பணியாம்.

ஒரு வேளையில் ஒன்றனை மட்டுமே மாற்றி, மாற்றியதைக் குறித்துக்கொள்ளுதல் நன்று. கணக்கில் விடை தவறினால் நல்லாசிரியர் பலகை முழுவதையும் அழிப்பதில்லை. பிழைத்த வரியைத் தேடுவார். கணினிக்கும் அம்முறையே பொருந்தும்.