தாத்தாக்கள் ஏறிய 'ராஜூலா'... கடலில் மூழ்கிய 'ரோனா'! மலேயா கப்பல்களின் கதை

வீட்டுப் பெரியவங்க யாராவது 'ராஜூலா கப்பல்'னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? அப்படின்னா உங்க குடும்பக் கதையில் மலேயாவுக்கும் ஒரு பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆம்பூர், வேலூர்னா இன்னைக்கு ஷூவும் தோலும்தான் ஞாபகம் வரும். ஆனா, இந்த ஊர்கள் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த காலத்தில், மலேயா ரப்பர் தோட்டங்களுக்கு ஏராளமான கூலித் தொழிலாளர்கள் இங்கிருந்து போனாங்க. கங்காணி ஊருக்கே வந்து ஆள் சேர்ப்பார். அப்புறம் ஆவடி முகாம், அங்கிருந்து சென்னைத் துறைமுகம், கப்பல்.

ஒரே வருஷம், இரண்டு கப்பல்கள்

இந்த வழித்தடத்துக்காகவே பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1926-ல் கட்டியவைதான் ராஜூலா, ரோனா. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு ஓடின. கேபின் டிக்கெட் எடுத்தவங்க நூறு பேர் அளவுதான். மேல்தளத்தில் பாய் விரிச்சுப் படுக்கிற 'டெக்' பயணிகளோ 5,000 பேருக்கும் மேல் ஏறலாம்! ஒரு சின்ன ஊரே மிதக்குற மாதிரி யோசிச்சுப் பாருங்க.

1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிஞ்சதும், வேலை போன ஆயிரக்கணக்கான பேர் ஊருக்கே திருப்பி அனுப்பப்பட்டாங்க. 1938-ல் தோட்டக் கூலிகளை அனுப்புவதற்கு இந்திய அரசு தடை போட்டது.

ரோனாவுக்கு என்ன ஆச்சு?

இரண்டாம் உலகப் போரில் இரண்டு கப்பல்களும் ராணுவத்தை ஏற்றின. 1943 நவம்பர் 26. அல்ஜீரியா கடலோரம் போய்க்கொண்டிருந்த ரோனாவை, ஜெர்மன் விமானம் ரேடியோவால் இயக்கப்படும் குண்டால் தாக்கியது. அமெரிக்க வீரர்கள் மட்டுமே 1,000 பேருக்கு மேல் இறந்தாங்க. கப்பலில் வேலை பார்த்த இந்திய மாலுமிகள் பலரும் திரும்பவில்லை. முழு விவரத்தை அமெரிக்க அரசு பல வருஷம் வெளியிடவே இல்லை.

ராஜூலா தப்பித்தது. போருக்குப் பிறகு பழைய வழித்தடத்துக்கே திரும்பி, 1973 வரை ஓடியது. அடுத்த வருஷம் உடைக்கப்பட்டது.

அதில் கடைசியாக இருபது வயசில் ஏறினவங்களுக்கே இப்போ எழுபதைத் தாண்டியாச்சு. எந்த எஸ்டேட், எந்த வருஷம், கூட யார் போனாங்க... இந்த வாரமே கேட்டு, மொபைலில் ரெக்கார்ட் பண்ணிவைங்க. டெக் பயணிகளின் கதை பெரும்பாலும் அவங்க வாயில்தான் இருக்கு.