சந்தியாகோவின் தாய்மார்



கரீபியன் கடலிலுள்ள கியூபாத் தீவின் கிழக்குப் பகுதியில், மலைகளுக்கும் கடலுக்கும் நடுவே அமைந்திருக்கிறது சந்தியாகோ டி கியூபா. தலைநகர் ஹவானாவுக்கு அடுத்த பெரிய நகரம் இதுவே. ஹவானாவிலிருந்து பஸ்ஸில் செல்வதானால் ஓர் இரவு முழுவதும் பிரயாணம் செய்ய வேண்டும். அங்கு வரும் உல்லாசப் பயணிகளில் ஒரு சாரார் இசைக்காக வருவர். மறு சாரார் புரட்சியின் சுவடுகளைத் தேடி வருவர். ஆனால் பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் நீங்கள் அங்கு சென்றால், இவ்விரண்டுக்கும் பின்னால் வேறொன்றும் உங்கள் கண்ணில் படும். அதுதான் அந்நகரத் தாய்மாரின் கதை.

வாருங்கள், ஒரு முறை சுற்றி வருவோம்.

மேளமும் கிதாரும்

ஸ்பானியர் 1515ஆம் ஆண்டில் அமைத்த நகர் இது. துறைமுக வாயிலில், குன்றின் மேல், எல் மொரோ எனும் பழங்கோட்டை நிற்கின்றது. 1997இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கென ஆபிரிக்கர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றி வரப்பட்டனர். மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அவ்வாறு அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களுள் நம் முஸ்லிம் சகோதரர்களும் இருந்தனர். கியூபாவில் அடிமை முறை ஒழிந்தது 1886இல்தான்.

அயல் நாடான ஹெயிட்டியில் 1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது, பிரெஞ்சு முதலாளிகள் பலர் தம் அடிமைகளோடு சந்தியாகோ பகுதிக்கு ஓடி வந்தார்கள். மலைச்சாரலில் கோப்பித் தோட்டங்களை அமைத்தார்கள். அந்த அடிமைகளின் மேளமும் ஆட்டமும் 'தும்பா பிரான்செஸா' என்ற பெயரில் இன்றும் அங்கு வாழ்கின்றன. ஸ்பானியரின் கிதாரும் ஆபிரிக்கரின் மேளமும் சேர்ந்தே 'ஸொன்' எனும் கியூப இசை பிறந்தது. 'பொலேரோ' எனும் பாடல் வகைக்கு வித்திட்டவராகக் கருதப்படும் பெப்பே சான்செஸ் இவ்வூர்த் தையற்காரர்தான்.

இசை பற்றிய மார்க்க வரையறைகளை நாம் அறிவோம். ஜூலை மாதக் கார்னிவல் களியாட்டத்தில் மது ஆறாய் ஓடும். அது நமக்குரிய இடமல்ல. ஆயினும் மொழியையும் பெயரையும் பறிகொடுத்த மக்கள், தம் பழைய நினைவுகளை மேளத்தில் பொதிந்து பிள்ளைகளுக்குக் கொடுத்துச் சென்றார்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கவே செய்கிறது.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோற்றுடன் கறுப்பு அவரையைச் சேர்த்துச் சமைக்கும் கியூப உணவொன்றின் பெயர் 'மூர்களும் கிறிஸ்தவர்களும்'. கறுப்பு அவரைதான் மூர்! ஐரோப்பியர் நமக்கும் இட்ட பெயரல்லவா அது? ஆனால் பன்றிக் கொழுப்பு சேர்த்துச் சமைப்பது அங்கு சாதாரணம். கேட்டறியாமல் வாயில் வைக்கக் கூடாது.

மரியானா எனும் தாய்

நகரின் சாந்தா இபிஹேனியா மயானத்தில் கியூபாவின் தேசிய வீரர் ஹொசே மார்த்தி அடக்கப்பட்டிருக்கிறார். 2016இல் பிடல் காஸ்ட்ரோவின் அஸ்தியும் அங்கு வைக்கப்பட்டது. அவ்விருவருக்கும் அருகில் ஒரு பெண்ணும் இருக்கிறார். அவர் மரியானா கிரகாலெஸ். ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போரில் கணவரையும் மக்கள் பலரையும் பறிகொடுத்தவர். காட்டிலே காயம்பட்டோருக்கு மருந்து கட்டியவர். தளபதி அந்தோனியோ மசேயோ அவருடைய புதல்வரே. 1893இல் அந்நிய மண்ணான ஜமேக்காவில் அவர் கண்மூடினார். 1923இல்தான் அவரது எச்சங்கள் ஊர் திரும்பின.

கறுப்புடை ஊர்வலம்

1953 ஜூலை 26. கார்னிவல் காலம். சர்வாதிகாரி பட்டிஸ்டாவின் மொன்காடா படைமுகாமை காஸ்ட்ரோவின் தலைமையில் நூற்றுக்கு மேற்பட்ட இளைஞர்கள் தாக்கித் தோல்வியுற்றார்கள். சண்டையில் இறந்தவர்களை விட, பிடிபட்ட பின் கொல்லப்பட்டோரே அதிகம். அந்த முகாம் இன்று பாடசாலை. சுவரில் துப்பாக்கிக் குண்டுகளின் வடுக்கள்; உள்ளே பிள்ளைகளின் குரல்!

1957இன் தொடக்கத்தில் வில்லியம் சோலர் எனும் பதினைந்து வயதுச் சிறுவனின் சித்திரவதை செய்யப்பட்ட உடல் கண்டெடுக்கப்பட்டது. ஜனவரி 4ஆம் திகதி அவனுடைய தாய் முன்னே நடக்க, நகரத்துப் பெண்கள் கறுப்பு உடையணிந்து தெருவில் இறங்கினார்கள். கோஷம் இல்லை, கூச்சல் இல்லை. பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துமாறு கோரும் பதாகை மட்டுமே அவர்கள் கையில் இருந்தது.

கொலைகள் நிற்கவில்லை. அவ்வாண்டு ஜூன் 30இல் ஹொசுவே பயிஸ் என்ற இளைஞர் கொல்லப்பட்டார். சரியாக ஒரு மாதத்தில், ஜூலை 30இல், அவருடைய மூத்த சகோதரர் பிராங்க் பயிஸ் நடுத்தெருவில் சுடப்பட்டார். பாடசாலை ஆசிரியரான அவருக்கு வயது 22. ஒரே தாய்க்கு ஒரே மாதத்தில் இரு ஜனாஸாக்கள்! மறுநாள் அமெரிக்கத் தூதுவர் நகருக்கு வந்தபோது பெண்கள் மீண்டும் கறுப்புடையில் திரண்டார்கள். பொலிஸார் தண்ணீரைப் பீய்ச்சியடித்தும் அவர்கள் கலையவில்லை. தூதுவரே பொலிஸாரின் செயலைக் கண்டிக்க வேண்டியதாயிற்று.

எதிர்ப்பக்கத் தாய்மார்

1959 ஜனவரி முதலாம் நாள் இரவு, நகரின் மத்தியிலுள்ள மண்டபத்தின் மாடத்திலிருந்து காஸ்ட்ரோ வெற்றியை அறிவித்தார். கதை அத்துடன் முடிந்ததா? இல்லை, சகோதரியே! அதே மாதத்தில், அதே நகரில், பட்டிஸ்டாவின் ஆட்கள் சுமார் 70 பேர் ஒரே நாளில் சுட்டுக் கொல்லப்பட்டுக் குழியிலிடப்பட்டார்கள். அவர்களிற் பலர் கொலைபாதகர்களாகவே இருக்கலாம். ஆயினும் நீதியான விசாரணை நடக்கவில்லை. அவர்களுக்கும் உம்மாமார் இருந்தார்கள். அந்தக் கண்ணீருக்கு அங்கு நினைவுச் சின்னம் கிடையாது.

புரட்சி எழுத்தறிவைக் கொடுத்தது, வைத்தியத்தைக் கொடுத்தது. மாற்றுக் கட்சிக்கு மட்டும் இடம் கொடுக்கவில்லை. 2024 மார்ச் 17இல் சந்தியாகோ மக்கள் மறுபடியும் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டவை இரண்டே: மின்சாரம், சாப்பாடு. இருளில் அடுப்பு மூட்ட முடியாமல் பிள்ளையின் பசியைப் பார்த்திருப்பது எவ்வளவு பெரிய வேதனை!

நம் நாட்டிலும் மகனின் புகைப்படத்தை நெஞ்சோடு அணைத்தபடி தெருவோரம் அமர்ந்த தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். அவர்களில் எல்லா இனத்தவரும் உண்டு. எனவே சந்தியாகோ நமக்குத் தூரத்து ஊரல்ல. ஒரு நகரத்தின் வீரத்தை அதன் சிலைகள் சொல்லும். அதற்குக் கொடுத்த விலையை அந்நகரத் தாய்மாரிடம்தான் கேட்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு வீரர் வரலாறு சொல்லும்போது, அவர்களைப் பெற்றவர்களின் வரலாற்றையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்போம். எதிர்ப்பக்கத்தில் நின்றவனையும் ஒரு தாய்தான் பெற்றாள் என்பதையும் மறவாமல் சொல்லிக் கொடுப்போம்.